மேயரும் அதிபரும்

பாளையங்கோட்டை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. கிர்கிஸ்தானில் அனாட்டமி பாடத்துக்கு நடுவிலும் நீ கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது: “இங்கே மூன்று அதிபர்களை ஜனங்களே துரத்தியிருக்கிறார்களாமே, ஏன் மாமா?” அதற்குப் பதில் சொல்ல முதலில் நம் திருநெல்வேலி மாநகராட்சிக்குப் போக வேண்டும்.

எந்த ஆட்சியைப் பார்த்தாலும் இரண்டு விஷயங்களைக் கேள். மேலே இருப்பவரை அமர்த்தியது யார்? அவர் சரியில்லையென்றால் இறக்குவதற்கு வழி என்ன?

பாளையங்கோட்டை 1994 வரை தனி நகராட்சி. பிறகு மேலப்பாளையம், தச்சநல்லூரோடு சேர்ந்து மாநகராட்சிக்குள் வந்தது. 1996-ல் உமா மகேஸ்வரியை மேயராக்கியது நேரடியாக நம் ஓட்டு. 2001, 2011 தேர்தல்களிலும் அப்படித்தான். 2006-லும் 2022-லும் நாம் கவுன்சிலருக்கு மட்டும் ஓட்டுப் போட்டோம். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நேரடி ஓட்டில் வந்த மேயர் கவுன்சிலர்களின் மாமன்றத்துக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. மாமன்றம் அமர்த்திய மேயருக்கு ஒவ்வொரு கவுன்சிலரின் தயவும் வேண்டும்.

2022-ல் மேயரான பி.எம். சரவணனுக்கு எதிராக அவர் கட்சிக் கவுன்சிலர்களே கிளம்பினார்கள். 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு நாள் குறித்தபோது கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை, தீர்மானம் விழுந்தது. ஜூலையில் அவர் ராஜினாமா செய்தார். ஆகஸ்ட் 5-ஆம் தேதி மறைமுக வாக்கெடுப்பு. கட்சி அறிவித்த வேட்பாளர் கோ. ராமகிருஷ்ணன், அவரை எதிர்த்து அதே கட்சிக் கவுன்சிலர் பவுல்ராஜும் நின்றார். ராமகிருஷ்ணனுக்கு 30, பவுல்ராஜுக்கு 23. ஊரில் பலர் இதைக் கோஷ்டிச் சண்டை என்று சலித்துக்கொண்டார்கள். கோஷ்டிச் சண்டைதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு மேயர் போய் இன்னொருவர் வந்தார். ஒரு கல் வீசப்படவில்லை, ஒரு கடை அடைக்கப்படவில்லை. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது நீ படிக்கும் நாட்டுக்கு வருவோம். கிர்கிஸ்தான் 1991-ல் சோவியத் யூனியனிலிருந்து பிரிந்தது. முதல் அதிபர் அஸ்கர் அகாயெவ். கையிலிருந்த அதிகாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நாடாளுமன்றத் தேர்தலின் மேலும் ஜனங்களுக்கு நம்பிக்கை போயிற்று. 2005-ல், அங்கே வெள்ளை மாளிகை என்று அழைக்கப்படும் அதிபர் மாளிகைக்குள் கூட்டம் புகுந்தது, அவர் நாட்டை விட்டு ஓடினார். அடுத்து வந்த பாக்கியெவும் குடும்பத்தாரைப் பதவிகளில் வைத்து அதே வழியில் போனார். 2010 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்த பிறகுதான் அவர் விலகினார். அதிபரை இறக்க ஆட்சிமுறைக்கு உள்ளேயே இருக்க வேண்டிய வழி அடைபட்டிருந்ததால் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள்.

பிறகு இடைக்கால அதிபராக வந்த ரோசா ஒதுன்பாயேவாவைப் பற்றி நீ அவசியம் படிக்க வேண்டும். மத்திய ஆசியாவில் அதிபரான முதல் பெண். 2010-ல் வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்துக்கு அதிக அதிகாரம் கொடுத்தார்கள். அதிபருக்கு ஆறு வருஷம், ஒரே தவணை. 2011-ல் தேர்தலில் ஜெயித்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அவர் அமைதியாக விலகினார்.

அந்த ஏற்பாடு பத்து வருஷம் நின்றது. 2020 அக்டோபர் 4 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுக்குக் காசு கொடுத்ததாகப் புகார். இடம் பெறத் தேவையான 7 சதவீத ஓட்டு வரம்பைத் தாண்டியவை நான்கே கட்சிகள். மறுநாளே கலவரம். தேர்தல் ரத்தாயிற்று, பிறகு அதிபர் ஜீன்பெகோவ் விலகினார். சிறையிலிருந்து கூட்டத்தார் விடுவித்த சாதிர் ஜபாரோவ் 2021 ஜனவரியில் அதிபராகத் தேர்வானார். அதே நாளில் அதிபர் ஆட்சி வேண்டும் என்றும் ஜனங்கள் வாக்களித்தார்கள். புது அரசியல் சட்டப்படி மந்திரி சபை அதிபரின் கையில். ஜோகோர்கு கெனேஷ் என்ற நாடாளுமன்றத்தின் 120 இடங்கள் 90 ஆயின. 2025 நவம்பர் தேர்தலில் முறையை இன்னும் மாற்றி, 30 தொகுதிகள், தொகுதிக்கு மூன்று பேர், மூவரில் ஒருவராவது பெண் என்று வைத்தார்கள். நம் ஊரில் பாதி வார்டுகள் பெண்களுக்கு என்பது உனக்குத் தெரியும், இதையும் குறித்துக்கொள்.

நாடாளுமன்றம் கட்சிச் சண்டையில் கிடந்ததைப் பார்த்துச் சலித்த ஜனங்கள் ஒரே கையில் அதிகாரத்தைக் கொடுத்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் எனக்குக் கவலைதான். அந்தக் கை தவறினால் தடுக்க, மேஜையைத் தட்டிக் கேட்கும் 90 பேருக்கு உண்மையான பலம் வேண்டும். நம் மாநகராட்சியிலும் 2016 அக்டோபர் முதல் 2022 வரை கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். சாக்கடை அடைத்தால் யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் தெருவே தவித்தது உனக்கு நினைவிருக்கும். கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாத ஆட்சி மிகவும் கெட்டது.

நீ அங்கே விசாவில் இருக்கிறவள். சதுக்கத்தில் கூட்டம் கூடினால் விடுதியை விட்டு இறங்காதே. 2024 மே மாதம் வெளிநாட்டு மாணவர்கள் தாக்கப்பட்டதை மறக்க வேண்டாம், தூதரக எண் கையில் இருக்கட்டும். ஆனால் கடைக்காரம்மாவிடம் பேச்சு கொடுப்பதில் தப்பில்லை. அவர்கள் தொகுதியின் மூன்று உறுப்பினர்களும் யார் யார், மனு கொடுத்தால் அவர்களில் எவராவது நேரில் வந்து பார்க்கிறாரா என்று கேட்டு எனக்கு எழுது.

உன் மாமா