மிஞ்சிய உல்லனில் ஒரு சால்வை: அக்காவின் டிப்ஸ்

ஸ்வெட்டரும் குழந்தைத் தொப்பியும் பின்னி மிஞ்சிய உல்லன் உருண்டைகள் 300 கிராம் சேர்ந்துவிட்டதா, தங்கச்சி? 150 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழத்தில் ஒரு முக்கோணச் சால்வைக்கு அது தாராளம். எந்த உருண்டையை எந்த இடத்தில் செலவழிப்பது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், பாதியில் நூல் தீர்ந்து தவிக்க வேண்டாம்.

நூலை இனம் பிரி: லேபிள் தொலைந்திருந்தால் ஒரு சிறு துண்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் பிடித்துக் கொளுத்திப் பார். முடி கருகும் வாசனையோடு பொடியும் சாம்பலானால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக். அடர் சிவப்பு, கருநீல நூல்களை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். சாயம் ஒட்டினால் வெளிர் நிறங்களோடு சேர்க்காதே.

தடிமனைச் சமமாக்கு: மெல்லிய நூல் என்றால் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னு. நடுத்தர நூலுக்கு வழக்கமாக 4 மி.மீ. ஊசி எடுப்போம், சால்வைக்கு 5 மி.மீ. எடு, துணி விறைக்காமல் தொங்கும். கடைசியில் 240 கண்ணி வரை சேரும் என்பதால் நீளமான வட்ட ஊசிதான் வசதி.

முனையிலிருந்து தொடங்கு: 3 கண்ணி போடு. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியின் முன்புறமும் பின்புறமும் பின்னி அதை இரண்டாக்கு. மற்றதெல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும்.

சின்ன உருண்டை முனைக்கு, பெரியது விளிம்புக்கு: இதை மட்டும் மறக்காதே. முக்கோணம் வளர வளர வரிசையும் நீள்கிறது, நூலும் அதிகம் பிடிக்கிறது. 75 செ.மீ. சால்வையில் 53 செ.மீ. முடித்திருந்தாலும் பாதி நூல்தான் செலவாகியிருக்கும். மீதிப் பாதியைக் கடைசி 22 செ.மீ. விழுங்கிவிடும். அதனால் 10, 15 கிராம் துண்டுகளை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடு. நடுவே சந்தேகம் வந்தால், இரண்டு வரிசைக்கு முன்னும் பின்னும் உருண்டையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார். இன்னும் எத்தனை வரிசை போகும் என்று கணக்குத் தெரிந்துவிடும்.

மேடு பள்ளம் எங்கே? ஒற்றை நிற நூலில்தான் பின்னல் வடிவம் எடுப்பாகத் தெரியும். அங்கே மாஸ் பின்னல் போடு: கீழ்க் கண்ணியில் மொட்டு தெரிந்தால் நிட், மழமழப்பாகத் தெரிந்தால் பர்ல். பல நிறம் கலந்த நூலில் எந்த வடிவமும் மறைந்துவிடும். அங்கே வெறும் நிட் போதும். நிறம் மாற்றும்போது முன்பக்க வரிசையில் மாற்றி, அந்த முதல் வரிசையை முழுக்க நிட் போட்டால் கோடு சுத்தமாக விழும். பர்ல் போட்டால் பழைய நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும்.

முடிச்சு வேண்டாம்: ஒவ்வொரு நூல் நுனியிலும் 15 செ.மீ. விடு. அகன்ற கண்ணுள்ள ஊசியில் கோத்து, பின்பக்கத்தில் போய்த் திரும்பி வந்து மறை. பத்து வரிசைக்கு ஒருமுறை இதைச் செய்துவிட்டால் கடைசியில் மலைப்பு இருக்காது.

தளர்வாக முடி: கண்ணிகளை முடித்து இறக்க அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல், அதாவது 6 மீட்டர், ஒதுக்கி வை. இதற்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடு. இறுக்கி முடித்தால் விளிம்பு சுருண்டு சால்வையின் அழகே போய்விடும்.

துவைக்கும்போது: குளிர்ந்த நீரில் நனை, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்து, தரையில் விரித்து வடிவம் இழுத்துக் காய வை. அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. வெந்நீரில் அலசினால் கம்பளி சுருங்கும். சால்வையில் ஒரே ஒரு கம்பளி உருண்டை சேர்ந்திருந்தாலும் முழுச் சால்வையையும் கம்பளியாகவே நினைத்துத் துவை. யாருக்காவது பரிசாகக் கொடுத்தால் இதையும் சொல்லிக் கொடு.