சரிவு நிலப் புள்ளிகளைக் கோப்பாக எடுத்தல்

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவு லயன்களை மூடியதை ஊவா மறவாது. கான் மட்டம் தவறின் நீர் தேங்கி மண் தளரும். ஆதலின், கான் வெட்டுதற்பொருட்டுக் கணினி வரைபடத்திலிருந்து நிலமட்டப் புள்ளிகளை எடுப்போர் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்:

1. புள்ளிகள் மிகப் பலவாயின் சமநிலத்திற் குறைக்கலாம். ஓடை, முகடு, கான் விளிம்புகளிற் குறைத்தலாகாது.

2. கிழக்கு, வடக்கு, உயரம் என நிரல்களுக்குப் பெயரிடுக. இலங்கையின் 1999ஆம் ஆண்டு ஆள்கூற்று முறையில், பதுளையின் முதலிரு எண்களும் ஐந்து இலட்சத்தை அடுத்தவை. இடம்மாறினும் கண்ணுக்குப் புலப்படா.

3. பழைய முறையின் தொடக்க எண் 2,00,000; புதியதில் 5,00,000. இரண்டையும் கலத்தலாகாது.

4. மண்வெட்டி எடுக்குமுன் மூன்று புள்ளிகளையேனும் நிலத்தில் அளந்து ஒப்பிடுக.