லாயத்தில் கற்ற பாடங்கள்

குதிரை என்றதும் நம்மில் பலர் மனக்கண்முன் தோன்றுவது போர்க்களத்துப் புரவியாகவோ, ஐயனார் கோயில் வாசலில் விழிகளை உருட்டியபடி நிற்கும் மண்குதிரையாகவோ இருக்கும். திரைப்படக் கதாநாயகன் ஏறிவரும் வெள்ளைக்குதிரையை நினைப்பாரும் உண்டு. எனக்கோ எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ராணிதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஜட்கா வண்டி ஓட்டுகிறார்கள். தாத்தா ஓட்டினார், அப்பா ஓட்டுகிறார். நான் விலங்கியல் படிக்கிறேன். வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டியவற்றுள் பாதியை லாயத்தில் ஏற்கெனவே கண்ணால் கண்டிருந்தேன். ஆனால் அவை ஏன் அப்படி அமைந்தன என்பதை வகுப்புக்கு வந்த பிறகே அறிந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் குதிரையின் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரைக்காரன் கவலையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மாடு அசைபோடும் பிராணி. கிடைத்ததை அவசரமாக விழுங்கிவிட்டுப் பிறகு நிழலில் படுத்து நிதானமாக மெல்லும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. உடம்பு பெரியதாயினும் இரைப்பை மிகச் சிறியது. முழுவளர்ச்சி பெற்ற பெருங்குதிரைக்கே அதன் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான். புல்லிலுள்ள நார்ப்பொருளை நொதிக்க வைத்துச் செரிக்கும் வேலை பின்னாலுள்ள பெருங்குடல் பகுதியில் நடைபெறுகிறது. எனவே திறந்தவெளியில் விடப்பட்ட குதிரை ஒரு நாளில் 14 மணி, 16 மணி நேரம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு. உணவுக்குழலும் இரைப்பையும் சேருமிடத்திலுள்ள தசைவளையம் மிக இறுக்கமானது. ஆகையால் குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். நமக்கு அஜீரணம் என்றால் ஒருவேளைப் பட்டினியில் சரியாகிவிடும். குதிரைக்கு அது உயிர்போகும் விஷயமாகலாம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்த்தால் ஒரு செய்தி புதிய பொருளைத் தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதையும், மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அவற்றை விலைகொடுத்து வாங்கியதையும் கூறுகிறார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் பெரும்பாலானவை மாண்டுபோயின என்றும், குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கு இல்லை என்றும், சோற்றையும் சமைத்த இறைச்சியையும் அவற்றுக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். அயல்நாட்டார் குறிப்புகளில் மிகைப்படுத்தல் இருக்கும், இதிலும் இருக்கலாம். ஆயினும் சோறு தின்ற குதிரை சாகும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. மாணிக்கவாசகர் குதிரை வாங்கச் சென்ற கதையை நாமெல்லாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். நள்ளிரவில் பரிகள் மீண்டும் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின என்பது புராணம். கருவூலத்துப் பொன்னெல்லாம் குதிரைக்கே கரைந்துகொண்டிருந்த நாட்டில் அப்படியொரு கதை பிறந்ததில் வியப்பில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சோற்றைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு பங்குனி உத்திரத்தன்று கோயில் வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அப்பா சவாரிப் பணத்துக்குச் சில்லறை மாற்றச் சென்ற நேரத்தில் ஓர் அன்பர் அன்னதானத்தில் மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலை ஒரு வாளி நிறைய ராணிக்கு முன்னால் வைத்துவிட்டார். வாயில்லா ஜீவனுக்கு இடுவது புண்ணியம் என்று நினைத்திருக்கிறார். அப்பா திரும்பி வருவதற்குள் வாளி காலியாகிவிட்டது.

இரவு ஒன்பது மணிக்கு ராணி தன் விலாப்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. முன்காலால் தரையைப் பறித்தது, மேலுதட்டைச் சுருட்டியது, கழுத்து வேர்த்தது. தாத்தா உடனே அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டார். நலமாயிருக்கும் குதிரையின் வயிற்றில் தொலைவில் இடி உருளுவதுபோல் ஓயாமல் ஓர் ஓசை கேட்கும். அன்று ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமே இல்லையேடா" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு கலக்கத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை. தாடை எலும்பின் கீழ் விரலை வைத்து நாடித்துடிப்பை எண்ணும்படி என்னிடம் சொன்னார். ஓய்வாக இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். நான் எண்ணியபோது 64 இருந்தது.

தரையில் விழுந்து புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளக் கூடும் என்பதால் அப்பா கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டேயிருந்தார். பதினொரு மணிக்குக் கால்நடை மருத்துவர் வந்தார். மூக்குத் துவாரத்தின் வழியாக நீண்ட ரப்பர் குழாயை இரைப்பை வரையில் செலுத்தினார். உள்ளே அடைத்துக்கொண்டிருந்த காற்றும் புளித்த நீரும் வெளியேறின. வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு மனிதன் செய்து கொடுத்த மாற்றுவழி அது. வலிக்கு ஊசி போட்டு, குழாய் வழியே பாரபின் எண்ணெயையும் செலுத்தினார். விடியற்காலை நாலு மணிக்கு ராணி இலத்தி போட்டது. அதைக் கண்டு ஒரு குடும்பமே கண்ணீர் விட்டது என்றால் நண்பர்கள் நகைப்பீர்கள். ஆனால் அந்த ஒரு குதிரைதான் எங்கள் வீட்டு அரிசி, என் தேர்வுக் கட்டணம், பாட்டியின் கண் அறுவைக்குச் சேர்த்துவந்த பணம் எல்லாமே.

ஆபத்து அத்துடன் தீரவில்லை. மாவுப்பொருள் மிகுதியாக உள்ளே சென்றால் இரண்டு மூன்று நாட்களில் குளம்பின் உட்பகுதி அழற்சி கொண்டு, குதிரை நிரந்தர முடமாகிவிடக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். வயிற்றுக்கும் குளம்புக்கும் என்ன தொடர்பு என்று நான் அன்று திகைத்தேன். குடலில் மாவுப்பொருள் அளவுமீறிப் புளிக்கும்போது தோன்றும் நச்சுப்பொருட்கள் இரத்தத்தில் கலந்து, குளம்பையும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய அடுக்குகளைத் தாக்குகின்றன. மூன்று நாள் ராணியை ஈரமணலில் நிறுத்தி, மணிக்கொரு தரம் குளம்பைத் தொட்டுச் சூடு பார்த்தோம். பதினொரு நாள் வண்டி ஓடவில்லை.

பொங்கல் வைத்த அன்பர் செய்தி கேட்டு மறுநாளே பதறிக்கொண்டு வந்தார். அப்பா அவரோடு பேசவில்லை. தாத்தாதான் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு ஒரு கட்டு அருகம்புல்லை அவர் கையில் கொடுத்து, "குடுக்கணும்னு ஆசை இருந்தா இதைக் குடுங்க சாமி, ஒவ்வொரு பிடியா" என்றார். அந்த மனிதர் அரைமணி நேரம் நின்று ஒவ்வொரு பிடியாகக் கொடுத்துவிட்டுத்தான் சென்றார்.

குளம்பு பற்றிப் பேச்சு வந்ததால் லாடம் பற்றியும் கூறிவிடுகிறேன். நம் நகம்போலவே குளம்பும் வளர்ந்துகொண்டேயிருக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர். ஆறு வாரம் அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஆணி உணர்ச்சியற்ற வெளிச்சுவரில்தான் இறங்க வேண்டும். நூலளவு உள்ளே போனாலும் குதிரை நொண்டும். எங்களுக்கு லாடம் அடிக்கும் பெரியவர் பக்கத்து ஊரிலிருந்து வருகிறார். கழற்றிய பழைய லாடத்தைத் தூக்கி எறியமாட்டார்; வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "வெளி ஓரம் தேஞ்சிருக்கு, இடதுபக்கம் பாரம் ஜாஸ்தி ஏத்துறீங்க" என்பார். தேய்ந்த இரும்பில் இரண்டு மாத நடை முழுவதையும் அவர் படித்துவிடுவதைக் காணும்போது, ஏட்டுக்கல்வி மட்டும் படித்த எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கும். லாடம் அடிக்கும் நாளன்று தசைவிறைப்பு சன்னிக்கான தடுப்பூசித் தேதியையும் அப்பா பார்த்துக்கொள்வார். ஆணி குத்திய சிறு காயத்திலிருந்துகூட அந்நோய் வரும். வீட்டு விலங்குகளில் குதிரையையே அது மிக எளிதில் பற்றும்.

குதிரையை அணுகும் முறையைத் தாத்தா எனக்கு ஒரே வாக்கியத்தில் கற்றுக்கொடுத்தார்: "பேசிக்கிட்டே போடா தம்பி." காரணம் கண்ணில் இருக்கிறது. குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றியுள்ள எல்லாமே அதற்குத் தெரியும். வாலுக்கு நேர்பின்னும் நெற்றிக்கு நேர்முன் மிக அருகிலும் மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து திடீரென ஒரு கை பட்டால் உதைக்கும். அது கோபம் அன்று. புல்வெளியில் புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து வாழ்ந்த முன்னோரிடமிருந்து வந்த அச்சம். ஜட்காக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதும் பின்னால் உருளும் சக்கரம் அதை மிரட்டாதிருப்பதற்கே. காதைப் பார்த்தால் அதன் மனத்தைப் படிக்கலாம். முன்னோக்கி நிமிர்ந்தால் ஆவல். பின்னால் ஒட்டிப் படிந்தால் விலகி நிற்பதே நமக்கு நல்லது.

நின்றுகொண்டே தூங்குவதும் இந்த அச்சத்தின் விளைவே. முழங்கால் மூட்டைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குச் சிறிது நேரமாவது படுத்தே ஆகவேண்டும். கூட்டத்தில் ஒன்று காவல் நிற்க மற்றவை படுக்கும். தனிக்குதிரை என்ன செய்யும்? ராணியை வாங்கிவந்த புதிதில் பல நாள் அது படுக்கவேயில்லையாம். பாட்டி தன் வெள்ளாட்டைக் கொண்டுபோய் லாயத்தில் கட்டினாராம். அந்த வாரமே படுத்துவிட்டது என்பார்கள். ஆட்டைக் காவலாளி என்று ராணி நம்பியதா என்பதை விலங்கு மனவியலார் ஆராயட்டும். இன்றுவரை அந்த ஆட்டின் வழிவந்த ஒன்று அங்கேதான் கட்டப்பட்டிருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோயில் மூடிவிட்டது, யாத்திரிகர் இல்லை. ஆட்டோவை நிறுத்தினால் அது பெட்ரோல் கேட்காது. குதிரை அப்படியா? ராணியின் எடைக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ காய்ந்த தீவனமாவது வேண்டும். இருபது முப்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். தாத்தாவும் நானும் விடியலில் ஏரிக்கரையில் புல்லறுத்தோம். கொள்ளை அவர் பாதிக்கும் கீழாகக் குறைத்தபோது, காசில்லாததால்தான் குறைக்கிறார் என்று அப்பா வருந்தினார். ஆனால் வேலையில்லாக் குதிரைக்கு முழுத்தீனி போடுவது கேடு. ஐரோப்பாவில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயருண்டு: ஞாயிறு முழுவதும் ஓய்ந்திருந்து தானியம் தின்ற வண்டிக்குதிரை, மறுநாள் வேலைக்குப் பூட்டியதும் தொடைத்தசை இறுகி நடுவீதியில் நின்றுவிடும். தாத்தா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதேயில்லை. "உழைக்காத நாள் கொள்ளு கிடையாது, அதுக்கும் எனக்கும்" என்றார். அந்த மாதங்களில் அவரும் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார் என்பதைப் பாட்டி பிற்பாடுதான் சொன்னார்.

இப்போது ராணிக்கு வயது முதிர்ந்துவிட்டது. 2010இல் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வாங்கியபோது நாலு வயது. வியாபாரிகள் சுழி பார்த்துக்கொண்டிருந்தார்கள்; இந்தச் சுழி வீட்டுக்கு ஆகாது, அந்தச் சுழி ராஜயோகம் என்று. தாத்தா வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். நிலையான வெட்டுப்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் இரண்டிரண்டு சோடியாக முளைத்து, ஐந்தில் வாய் நிறையும். அதனால் இளங்குதிரையிடம் பொய் சொல்ல முடியாது. சுழியால் குதிரையின் விலை ஏறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சுழியால் ஒரு குதிரையும் நொண்டியதை நான் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு ஒரு தரகர் வந்து ராணிக்கு விலை பேசினார். எங்கே கொண்டுபோவீர்கள் என்று அப்பா கேட்டதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. பாரம் இழுக்க இனி அதனால் ஆகாது; தீனிச்செலவோ குறையாது; வாசலில் நிற்கும் பங்கு ஆட்டோக்களோ ஆண்டுக்காண்டு பெருகுகின்றன. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தரகரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ராணி காலையில் இரண்டு சவாரி மட்டும், ஏற்றமில்லாத தெருக்களில், இரண்டு பேருக்குமேல் ஏற்றாமல் ஓடுகிறது. மாலையில் அப்பா ஒரு மாவுமில்லில் கணக்கு எழுதப் போகிறார். பல்லின் ஓரங்கள் கூராகி வைக்கோலை மெல்ல முடியாமல் உமிழ்ந்ததால், சென்ற மாதம் மருத்துவர் வந்து அரம் கொண்டு ராவிவிட்டுப் போனார். தவிட்டையும் ஊறவைத்த கொள்ளையும் கூழாகப் பிசைந்து, நாளைக்கு நாலு வேளையாகப் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். பகல் வேளை தாத்தாவுடையது. இரவு பத்து மணி வேளை என்னுடையது.