வெயிலில் உலர்த்த ஏற்ற தக்காளி இரகங்கள்

தக்காளி வரத்து மிகும் நாட்களில் பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டாமல், பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் நிலை ஒட்டன்சத்திரம், பாலக்கோடு, உடுமலைப் பகுதி விவசாயிகளுக்குப் புதிதல்ல. அப்போது பலருக்கும் தோன்றும் எண்ணம், பழத்தை அறுத்து வெயிலில் காயவைத்து வைத்துக்கொண்டால் என்ன என்பதே. நல்ல எண்ணந்தான். ஆனால் சந்தைக்கென்று பயிரிட்ட பழத்தைக் காயப்போட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் நாள் இரவிலேயே பூசணம் கண்டு, மூன்றாம் நாள் குப்பையில் கொட்டியிருப்பார்கள். குறை வெயிலில் இல்லை. இரகத்தில் இருக்கிறது. உலர் தக்காளிக்கான முடிவை விலை விழுந்த பின் எடுக்க முடியாது. நாற்று விடும்போதே எடுக்க வேண்டும்.

தக்காளிப் பழத்தில் நூற்றுக்குத் 94 பங்குக்கு மேல் தண்ணீரே. மீதியுள்ள திடப்பொருள்தான் உலர்ந்த பிறகு நம் கையில் நிற்பது. சாறு மிகுந்த இரகத்தில் இது 4.5 சதவீதமும், சதைப்பற்றுள்ள இரகத்தில் 6 சதவீதமும் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றரை சதவீத வேறுபாடு அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 சதவீத ஈரம் வரும்வரை உலர்த்தினால், முதல் இரகத்தில் 1 கிலோ உலர் தக்காளி பெற ஏறத்தாழ 19 கிலோ பழம் வேண்டும். இரண்டாவதில் 14 கிலோ போதும். முதல் இரகம் ஏக்கருக்கு 10 டன்னும் இரண்டாவது 8 டன்னும் காய்த்தாலும், உலர்ந்த எடை முதலாவதில் சுமார் 530 கிலோ, இரண்டாவதில் 565 கிலோ. அதற்கு மேல், இரண்டு டன் தண்ணீரை வெயிலில் ஆவியாக்கும் வேலையும், அதற்கான தட்டும், ஆளும் மிச்சம். எனவே "இந்த இரகம் எத்தனை டன் காய்க்கும்?" என்ற கேள்வி இங்கே முதற்கேள்வி அன்று.

பழத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நாட்டுத் தக்காளியில் ஐந்தாறு விதை அறைகளும், அவை நிறையக் கூழும் இருக்கும். ரசத்துக்கு இதைவிட நல்ல பழம் கிடையாது. உலர்த்துவதற்கோ இதைவிட மோசமானது கிடையாது. உலர்த்தும் பழத்துக்கு இரண்டு அல்லது மூன்று அறைகள், தடித்த சுவர், குறைந்த விதை, முட்டை அல்லது பேரிக்காய் வடிவம் ஆகியவை வேண்டும். நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் தட்டில் சாயாமல் உட்காரும். கனமும் ஒரே அளவாக இருப்பதால் ஒன்றாகக் காயும். தென் இத்தாலியில் பெயர் பெற்ற சான் மர்சானோ இத்தகைய நீள் பழமே.

நம் நாட்டில் இந்த வடிவத்தில் கிடைப்பவை ரோமா, லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பஞ்சாப் சுஹாரா, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஆஷிஷ், அர்கா ஆஹுதி ஆகியவை. ஆஷிஷும் ஆஹுதியும் கூழ், சாஸ் தயாரிப்புக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதால் நமக்கும் பொருந்தும். பஞ்சாபில் நன்றாக வருவது தருமபுரி வெயிலிலும் அப்படியே வரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். முதல் பட்டத்தில் ஐந்து சென்ட்டுக்கு மேல் வேண்டாம்.

பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 பற்றிக் கேட்பீர்கள். வறட்சியைத் தாங்கும், தூரச் சந்தைக்கு நசுங்காமல் போகும். ஆனால் தட்டையான உருண்டைப் பழம். காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைப் பகுதி உலர்ந்ததும் மஞ்சள் திட்டாக நிற்கும். சாதாரண முறையில் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் முக்கி நிறத்தைக் காப்பாற்றுவார்கள். இயற்கை முறைச் சான்று பெற்ற பொருளில் இதற்கு இடமில்லை. உப்புத் தூவலாம், அவ்வளவே. ஆகவே நிறம் பழத்திலேயே இருக்க வேண்டும். உள்ளும் புறமும் ஒரே சிவப்பாகப் பழுக்கும் இரகமே வேண்டும்.

இயற்கை முறை என்பதால் நோய் எதிர்ப்பும் இரகத் தேர்வில் சேர்கிறது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரியும் பாக்டீரியா வாடல் நோயும் வழக்கமாக வரும் இடமானால், மேலே சொன்ன பழைய இரகங்கள் தடுமாறும். அங்கே இலைச்சுருள், வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் அர்கா ரக்ஷக் வீரிய ஒட்டு இரகத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒட்டு இரகத்தில் சொந்த விதை எடுக்க முடியாது. கடையில் வாங்கும் விதை பூசணக்கொல்லி கலந்ததா என்று கேட்டு, கலக்காததையே வாங்குங்கள். காய்ப்புழுவுக்கு, 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடுங்கள். 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட்டால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். புழு துளைத்த பழம் உலர்த்த உதவாது.

எந்த நிறுவனத்தின் விளம்பரத்தையும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் வீட்டுத் தராசே போதும். ஒவ்வொரு இரகத்திலும் செடியிலேயே நன்கு சிவந்த பழம் 1 கிலோ எடுத்து, அறுத்து, விதைக்கூழை வழித்துவிட்டு, தனித்தனித் தட்டில் கொசுவலை போர்த்தி உலர்த்துங்கள். இந்தச் சோதனைக்கு உப்புப் போடாதீர்கள். உப்பின் எடை கணக்கைக் கெடுக்கும். மாலையில் பனி படாமல் உள்ளே எடுத்து வையுங்கள். தோல் போல வளைந்து, கிழித்தால் ஈரம் கசியாத பதம் வந்ததும் நிறுங்கள். கூழ் கழிந்த பிறகும் 50 கிராமுக்கு மேல் நிற்கும் இரகத்தை வைத்துக்கொள்ளலாம். 40 கிராமுக்குக் கீழே போனால் அது சந்தைக்கே போகட்டும். எத்தனை நாளில் காய்ந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

ஒரே இரகம் இரண்டு வயலில் இரண்டு விதமாக நிற்கக்கூடும். காரணம் பெரும்பாலும் தண்ணீர். பழம் நிறம் மாறும் தருணத்தில் தாராளமாகப் பாய்ச்சினால் பழம் பெருக்கும், சதை நீர்த்துப்போகும், தோலும் வெடிக்கும். அப்போது பாசன இடைவெளியைச் சற்று நீட்டுங்கள். காயாக இருக்கும்போது வாடவிட்டால் நுனி கறுத்து அழுகும். ஆகவே முன்கூட்டியே குறைக்க வேண்டாம். நவம்பர் கடைசியில் விதைத்து டிசம்பர் கடைசியில் நட்டால், மார்ச்சு மாத வறண்ட வெயிலில் பறிப்பு வரும். வடகிழக்குப் பருவமழையில் பழுக்கும் பயிரை எந்த இரகமானாலும் வெயிலில் உலர்த்த நினைக்காதீர்கள்.

குட்டையாக வளர்ந்து ஒரே வீச்சில் பழுக்கும் ரோமா போன்றவற்றில் பறிப்புக் கூலி குறையும். ஆனால் அத்தனை பழத்தையும் ஒரே வாரத்தில் அறுக்க வீட்டில் கை வேண்டும், தட்டு வேண்டும். ஆள் குறைந்த குடும்பங்கள் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக நடலாம். உலர் தக்காளி நம் ஊர்ச் சமையலில் இன்னும் பழகவில்லை. கடைத்தெருவில் கூவி விற்கும் சரக்கு அன்று. வாங்குபவர் யார், சான்று கேட்கிறாரா, உப்பிட்டதா உப்பிடாததா என்பதை நாற்று விடுமுன் கேட்டுவிடுங்கள். சான்று தேவையானால் கோவையிலுள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இரசாயனம் பயன்படுத்திய நிலமானால் மாற்றக் காலம் உண்டு என்பதால், பதிவை முதலில் செய்துவிட்டு, அந்த இடைக்காலத்தில் ஐந்து சென்ட்டில் இரகச் சோதனையை முடித்துக்கொள்ளலாம்.