அதே கார், அதே டயர்: விநாடிகள் எங்கே போயின?

ஒரு மரக்கட்டையை மேசைமேல் வையுங்கள். அதன் பக்கத்தில் விரலை வைத்து, கட்டை நகராத அளவுக்கு மிக மெல்லத் தள்ளுங்கள். இனி கட்டையில் ஒரு நூலைக் கட்டி, நண்பரை அதை முன்புறமாகச் சீராக இழுக்கச் சொல்லுங்கள். கட்டை வழுக்கிக்கொண்டு போகும்போது, முன்பு தள்ளிய அதே மெல்லிய விசையோடு பக்கத்திலிருந்து தள்ளிப் பாருங்கள். முன்பு அசைய மறுத்த கட்டை இப்போது எளிதாக ஒதுங்கிப் போகும்.

காரணம் இதுதான். கட்டைக்கும் மேசைக்கும் இடையிலான உராய்வு விசைக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அது முழுவதும் முன்புற வழுக்கலை எதிர்ப்பதிலேயே செலவாகிவிட்டால், பக்கவாட்டு விசையை எதிர்க்க எதுவும் மிஞ்சாது. கார்ப் பந்தயங்களில் செலவு குறைந்ததும் புதியவர்கள் எளிதில் சேரக்கூடியதுமான ஆட்டோகிராஸ் என்ற விளையாட்டில், வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் இந்தக் கட்டையின் இயற்பியலே தீர்மானிக்கிறது.

பிரிட்டனில் ஆட்டோகிராஸ் என்றால் புல்தரையிலோ மண்தரையிலோ ஓடும் பந்தயம். நாம் இங்கே காணப்போவது அமெரிக்க வகை. ஒரு பெரிய தார்த் திடலிலோ பழைய விமான ஓடுதளத்திலோ பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக நிறுத்தி, வளைந்து நெளிந்து செல்லும் ஒரு தடத்தை அமைப்பார்கள். கார்கள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஒவ்வொரு காரும் தனித்தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓடுகிறது. ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளப்பார்கள். ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் தரையில் கோடு வரைந்திருப்பார்கள். கூம்பு சாய்ந்தாலோ, கோட்டைவிட்டு முழுவதும் வெளியேறினாலோ 2 விநாடி அபராதம். வழியையே தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை.

அங்கே இதை முறைப்படுத்தி நடத்துவது 1944-ல் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப். 1973-ல் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், முன்பு விமானப்படைத் தளமாக இருந்த இடத்தின் கான்கிரீட் தரையில் அப்போட்டி நடந்து வந்திருக்கிறது. நம் சோழவரத்திலும் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன என்பது உங்கள் தாத்தாக்களுக்கு நினைவிருக்கலாம். போர் விமானங்களுக்காகப் போட்ட தளங்கள் பந்தயக்காரர்களுக்கு நன்றாகவே பயன்பட்டிருக்கின்றன!

இந்த விளையாட்டில் புதிதாகச் சேர்ந்தவர் அடிக்கடி காணும் ஒரு காட்சி உண்டு. அவர் உயிரைக் கொடுத்து ஓட்டி முடிக்கிறார். டயர்கள் கீச்சிட்டன, கை வியர்த்தது. இதைவிட வேகமாக இந்தக் காரால் போக முடியாது என்று அவருக்குத் தோன்றுகிறது. பிறகு பயிற்சியாளர் அதே காரில், அதே டயர்களோடு, அதிகச் சத்தமில்லாமல் ஓட்டிச் சில விநாடிகள் குறைவாக முடிக்கிறார். எஞ்சின் மாறவில்லை. அப்படியானால் அந்த விநாடிகள் எங்கே போயின?

டயரின் வரவு செலவு

தரையைத் தொட்டுக்கொண்டிருப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. வேகம் கூட்டுவது, குறைப்பது, திருப்புவது ஆகிய மூன்று வேலைகளுக்கும் விசை அங்கிருந்தே வரவேண்டும். உலர்ந்த தார்த் தரையில் சாதாரண டயரின் உராய்வுக் குணகத்தை 0.9 என்று கொள்வோம். அப்படியானால் காரின் எடையில் 0.9 பங்குதான் நமக்குக் கிடைக்கும் மொத்த விசை.

இதை மூன்று வேலைக்கும் பங்கிட வேண்டும். ஆனால் இது சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று. பிரேக் விசையும் திருப்பும் விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆகவே பைதாகரஸ் தேற்றம் இங்கே வந்து நிற்கிறது. மொத்தப் பிடிப்பை 10 பங்கு என்று வைத்துக்கொண்டால், திருப்புவதற்கு 8 பங்கு செலவாகும்போது பிரேக்குக்கு 6 பங்கு இன்னும் மிச்சமிருக்கும். திருப்புவதற்கே 10 பங்கும் போய்விட்டால் பிரேக்குக்குச் சுழியம். பிரேக்குக்கே 10 பங்கும் போய்விட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு சுற்றினாலும் கார் மரக்கட்டையைப் போல நேரே போய்க்கொண்டிருக்கும்.

புதியவர் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார். வளைவுக்குள் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைகிறார். பயந்து பிரேக்கை மிதிக்கிறார். கார் திரும்பவில்லை என்று ஸ்டியரிங்கை மேலும் சுற்றுகிறார். டயர் தான் போகும் திசைக்குச் சில பாகைகள் சாய்ந்திருக்கும்போதுதான் மிக அதிகப் பிடிப்பைத் தரும். அதற்குமேல் சாய்த்தால் பிடிப்பு குறையும். ஆகவே ஸ்டியரிங்கைக் கூடுதலாகச் சுற்றுவதால் நிலைமை கெடுகிறதே தவிர மேம்படுவதில்லை. பிரேக்கைத் தளர்த்தி, ஸ்டியரிங்கைச் சற்றே நேராக்குவதுதான் வழி. மனம் சொல்வதற்கு நேர்மாறான செயல் இது. அதனால்தான் பயிற்சி தேவைப்படுகிறது. இக்காலக் கார்களில் உள்ள ஏ.பி.எஸ். அமைப்பு, பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். ஆனால் மொத்தப் பிடிப்பைக் கூட்டித் தர அதனாலும் முடியாது.

ஆகவே முதற்பாடம்: நேரான பாதையிலேயே பிரேக் வேலையின் பெரும்பகுதியை முடித்துக்கொள்வது. மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 40 கி.மீ.க்கு இறங்க, முழுப் பிடிப்பையும் பயன்படுத்தினால் 21 மீட்டர் போதும். தயங்கித் தயங்கிப் பாதி அழுத்தத்தில் மிதித்தால் 42 மீட்டர் வேண்டும். எஞ்சிய 21 மீட்டரையும் அனுபவசாலி முழு வேகத்தில் கடந்திருப்பார். மென்மையாக ஓட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் மென்மை என்பது மெதுவாக ஓட்டுவது அன்று. காலை வெடுக்கென்று எடுக்காமலும் வைக்காமலும் இருப்பதே அது.

ஏன் வெடுக்கென்று கூடாது? 1000 கிலோ நிறையுள்ள ஒரு கார் நிற்கும்போது முன் சக்கரங்களில் 500 கிலோவும் பின் சக்கரங்களில் 500 கிலோவும் தாங்குகிறது என்போம். அதன் நிறைமையம் தரையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன் பின் அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் தூரம். ஈர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு அளவுக்குப் பிரேக் போட்டால், 160 கிலோ பாரம் பின்னாலிருந்து முன்னால் மாறுகிறது. இப்போது முன்னே 660, பின்னே 340. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் திடீரென்று எடுத்தாலும் இதே மாற்றம் சிறிய அளவில் நிகழும். பாரம் குறைந்த பின் சக்கரங்கள் பிடியை விட, கார் பம்பரமாகச் சுழன்று வந்த வழியைப் பார்த்து நிற்கும். திடலில் இதனால் இரண்டு கூம்புகள் சாயும், அவ்வளவுதான். சாலையில் அங்கே ஒரு புளியமரமோ சைக்கிள்காரரோ இருக்கக்கூடும். பிடிப்பின் எல்லையைத் தேடிப் பார்க்கத் திடலையே நாடுவது இதனால்தான்.

அகலமா, குறுகலா?

வளைவில் போகக்கூடிய உச்ச வேகத்தைக் கணக்கிட உங்களுக்குத் தெரிந்த சமன்பாடே போதும். மையநோக்கு விசையை உராய்வு தருவதால், வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் குணகம் × ஈர்ப்பு முடுக்கம் × ஆரம். காரின் நிறை இதில் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உச்ச வேகம் மணிக்கு 41 கி.மீ.; ஆரம் 20 மீட்டரானால் 48 கி.மீ. ஆகவே ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, உள் மூலையை உரசி, மீண்டும் வெளி ஓரத்துக்கு வந்தால் பாதையின் ஆரம் பெரிதாகும், வேகமும் கூடும். பந்தயப் புத்தகங்கள் எல்லாம் இதைச் சொல்கின்றன.

ஆனால் ஒரே கூம்பைச் சுற்றி முழுக்கத் திரும்பி வரும் அரைவட்டத்தில் இதே உபதேசம் ஏமாற்றிவிடும். 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் வேகம் மணிக்கு 26 கி.மீ.; பாதை நீளம் சுமார் 19 மீட்டர்; நேரம் 2.6 விநாடி. 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் வேகம் 34 கி.மீ.தான், ஆனால் பாதை நீளம் 31 மீட்டருக்குமேல், நேரம் 3.35 விநாடி. வேகமாக ஓட்டியவர் முக்கால் விநாடி பின்தங்கினார்! வேகமானி அவரைப் பாராட்டும், கடிகாரம் பாராட்டாது. திருப்பத்துக்குப் பின் நீண்ட நேர்பாதை இருந்தால், வெளியேறும்போதுள்ள கூடுதல் வேகத்தால் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம். அடுத்ததும் வளைவே என்றால் மீட்க வழியில்லை. ஆகவே எந்த வளைவையும் தனியாகப் பார்த்து முடிவு செய்ய இயலாது. அதற்கடுத்து என்ன வருகிறது என்று பார்த்தே பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூம்பு வரிசை

ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் கூம்புகளை ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் கடந்து செல்வதற்கு ஸ்லாலம் என்று பெயர். புதியவர்கள் அதிக நேரத்தை இழப்பது இங்கேதான் என்பது என் கருத்து. அபராதத்துக்குப் பயந்து கூம்புகளைவிட்டு வெகுதூரம் விலகிப் போகிறார்கள்.

காரின் பாதையை ஒரு சைன் வளைவு என்று கொள்வோம். அதன் மிகக் கூர்மையான இடத்தில் ஆரம், கூம்பிடைத் தூரத்தின் வர்க்கத்தை, விலகலின் ஏறத்தாழ 10 மடங்கால் வகுத்தால் கிடைக்கும். கூம்பிடைத் தூரம் 20 மீட்டர்; காரின் அகலம் 1.8 மீட்டர். கூம்பின் மையத்துக்கும் காரின் பக்கத்துக்கும் 30 செ.மீ. இடைவெளி விட்டால், காரின் நடுக்கோடு 1.2 மீட்டர் விலகுகிறது. ஆரம் 33 மீட்டர். வேகம் மணிக்கு 62 கி.மீ. இடைவெளியை 110 செ.மீ. ஆக்கினால் விலகல் 2 மீட்டர். ஆரம் 20 மீட்டர். வேகம் 48 கி.மீ.தான். பாரம் இடமும் வலமும் மாறச் சிறிது நேரம் ஆகும் என்பதால் உண்மையான வேகங்கள் இவற்றைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் 80 செ.மீ. அச்சத்தின் விலை தெளிவாகத் தெரிகிறது.

நெருக்கமாகப் போனால் மட்டும் போதாது. நேரத்தோடும் திருப்ப வேண்டும். கூம்பைக் கடந்த பிறகு திருப்பத் தொடங்குபவர் அடுத்த கூம்புக்குத் தாமதமாக வருகிறார். அதற்கடுத்த கூம்புக்கு இன்னும் தாமதம். நான்காவது கூம்பில் கடன் கழுத்தை நெரிக்கும். பிரேக் போடாமல் வேறு வழியில்லை. கூம்புக்கு நேரே வரும்போதே காரின் மூக்கு மறுபக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

இதற்குக் கையைவிடக் கண்ணே முக்கியம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடியில் 16.7 மீட்டர் செல்கிறது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசைய அரை விநாடி என்றால், அதற்குள் 8 மீட்டர் போய்விடும். அருகிலுள்ள கூம்பையே பார்ப்பவர் முடிந்துபோன செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறார். பயிற்சியாளர்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, மூச்சுக்கு மூச்சு ‘தூரமாகப் பார், தூரமாகப் பார்’ என்று கத்துவது இதற்காகத்தான். இடிக்கக் கூடாது என்று ஒரு கூம்பையே முறைத்துப் பார்த்தால் கார் அதை நோக்கியே போகும். சைக்கிள் கற்றுக்கொண்டபோது தெருவில் கிடந்த ஒரே கல்லில் போய் ஏற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தூரமாகப் பார்க்க, அங்கே என்ன இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோகிராஸ் தடத்தில் பயிற்சி ஓட்டம் கிடையாது. நடந்து பார்க்க மட்டும் நேரம் தருவார்கள். நண்பர்களோடு அரட்டை அடித்துக்கொண்டு ஒருமுறை நடந்துவிட்டு வருவது வீண். முதல் முறை வழியைத் தெரிந்துகொள்ளவும், இரண்டாம் முறை பிரேக் போடும் இடங்களையும் உரசவேண்டிய கூம்புகளையும் குறிக்கவும், மூன்றாம் முறை கார் இருக்கையின் உயரத்துக்குக் குனிந்து பார்க்கவும் நடக்க வேண்டும். நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும் வழி, குனிந்து பார்த்தால் வெறும் கூம்புக் காடாகத் தெரியும். பிறகு கண்ணை மூடி, முழுத் தடத்தையும் மனத்திற்குள் ஓட்டிப் பார்க்கலாம். எந்த இடத்தில் படம் மறைகிறதோ அந்த இடத்துக்கு மறுபடி நடக்க வேண்டும். மற்றவர்கள் ஓட்டும்போது போட்டியாளர்களே தடத்தில் நின்று சாய்ந்த கூம்புகளை நிமிர்த்த வேண்டும் என்பது வழக்கம். பலர் இதை வேண்டாவெறுப்பாகச் செய்கிறார்கள். ஒரே வளைவை முப்பது பேர் முப்பது விதமாக எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேறெங்கே வாய்ப்புக் கிடைக்கும்?

காரில் செய்யவேண்டியது மிகக் கொஞ்சம். தளர்வான பொருள்களை எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். ஹெல்மெட்டும் இருக்கைப் பட்டையும் கட்டாயம். புதிய டயரும் புதிய ஸ்பிரிங்கும் வாங்கத் துடிப்பவர்கள் ஓர் ஆண்டு பொறுக்கலாம் என்றே சொல்வேன். டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க ஒரு சாக்பீஸ் துண்டு போதும். டயரின் அடிப்பரப்பும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பில் குறுக்காகக் கோடு போட்டுவிட்டு ஓட்டினால், டயர் எதுவரை மடங்கித் தரையைத் தொட்டதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். பக்கச் சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை; விளிம்பையே எட்டவில்லை என்றால் காற்று அதிகம்.

கார் ஓட்ட உரிமம் வேண்டும். ஆகவே நீங்கள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதுதான். கணக்குப் போட உரிமம் தேவையில்லை. மழை பெய்து தரை நனைந்து, உராய்வுக் குணகம் 0.5 ஆகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அரைவட்டத் திருப்பத்தை 6 மீட்டர் ஆரத்திலும் 10 மீட்டர் ஆரத்திலும் எடுத்தால் எத்தனை விநாடி ஆகும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உலர்ந்த தரையில் இருந்ததைவிடக் கூடுமா, குறையுமா?

(விடை: 3.5 விநாடி, 4.5 விநாடி. வித்தியாசம் முக்கால் விநாடியிலிருந்து 1 விநாடியாகக் கூடுகிறது.)