அரிய பெயர் என்றால் அரச பரம்பரையா?

இத்தாலியக் குடும்பப்பெயர்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில்.

தாந்தேயின் குடும்பப்பெயரான ‘அலிகியேரி’ எங்கிருந்து வந்தது? இன்றும் அந்தப் பெயரில் ஆட்கள் உண்டா?
— கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

உண்டு. ஆனால் மிகவும் கொஞ்சம் பேர். அதிலும் தாந்தேயின் வழித்தோன்றல்கள் என்று பத்திரத்தோடு சொல்லக்கூடியவர்கள் ‘செரேகோ அலிகியேரி’ என்று இரட்டைப் பெயர் வைத்திருக்கும் குடும்பத்தார்தான்.

அடியிலிருந்து சொல்கிறேன். தாந்தேயின் எள்ளுத்தாத்தா கச்சாகுவீதா, 12ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ்காரர். அவர் பெண் எடுத்தது வடக்கே போ ஆற்றுச் சமவெளியில். ‘அலிகியேரோ’ என்ற பெயர் அந்த மனைவியோடுதான் வீட்டுக்குள் வந்தது. தாந்தே தன் காவியத்தின் சொர்க்கப் பகுதியில் கச்சாகுவீதா வாயாலேயே இதைச் சொல்ல வைத்திருக்கிறார். மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இரண்டு தலைமுறை கழித்துப் பிறந்த தாந்தேயின் தகப்பனாருக்கும் அதே பெயர். அலிகியேரோவின் வீட்டார் ‘அலிகியேரி’ ஆனார்கள். பழைய ஆவணங்களில் அலகேரி, அல்லிகியேரி என்றெல்லாம் எழுதியிருக்கும். அதைக் கண்டு வேறு குடும்பம் என்று நினைக்க வேண்டாம்.

1302இல் தாந்தே நாடு கடத்தப்பட்டார். மகன் பியெத்ரோ வெரோனாவில் நீதிபதியாக நிலைத்தார். 1353இல் அங்கே வல்போலிச்செல்லா பகுதியில் நிலம் வாங்கினார். 1549இல் அந்த வீட்டுப் பெண் ஜினேவ்ரா, செரேகோ குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஆண் வாரிசு அற்றுப்போன நிலையில் அவள் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். இன்றும் அதே ஊர்ப்பக்கத்தில் அந்தக் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது.

கவனித்தீர்களா? பெயர் வீட்டுக்குள் வந்தது ஒரு பெண்ணால். அழியாமல் தப்பியதும் ஒரு பெண்ணால். பெயரைப் பிடித்துக்கொண்டு ஆண்வழியில் மட்டும் மேலே ஏறுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்கேலாஞ்சலோவின் ‘புவனரோத்தி’ குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1858இல் காலமான கோசிமோவோடு அந்தக் கிளை முடிந்தது. வீட்டை ஊருக்கு எழுதிவைத்தார், இன்று அது அருங்காட்சியகம்.

என் நண்பரின் இத்தாலியப் பெயருக்குக் குலச்சின்னம் இருக்கிறது என்று ஒரு கடையில் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். நம்பலாமா?
— கோயம்புத்தூர் வாசகர்

நம்ப வேண்டாம். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. அதே பெயர் கொண்ட எல்லாருக்கும் உரியது அல்ல. 1948 முதல் நடப்பில் இருக்கும் இத்தாலிய அரசியலமைப்பு, பிரபுப் பட்டங்களையே அங்கீகரிப்பதில்லை. சட்டம் அழகாக இருந்தால் சுவரில் மாட்டட்டும்.

என் மருமகனின் குடும்பப்பெயர் இத்தாலி முழுவதிலும் 40 மட்டுமே என்று ஒரு கணக்கு சொல்கிறது. அவ்வளவு அரிய பெயர் என்றால் பழைய அரச குடும்பமாகத்தானே இருக்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சென்னை

இருக்க வேண்டியதில்லை, ஐயா. இந்தக் கேள்வி எனக்கு வராத மாதமே கிடையாது. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த 40 என்ன என்று பாருங்கள். இத்தாலியக் குடும்பப்பெயர்க் கணக்குகளில் பெரும்பங்கு தொலைபேசி டைரக்டரியிலிருந்து எடுத்தவை. எமிதியோ தெ ஃபெலீச்சே 1978இல் வெளியிட்ட பெயர் அகராதியும் தொலைபேசிச் சந்தாதாரர்களை வைத்துத்தான் பரவலைக் கணித்தது. ஒரு டெலிபோன் என்பது ஒரு வீடு, ஓர் ஆள் அல்ல. அதுவும் பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும் வீடு. இத்தாலியப் பெண் கல்யாணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்கிறாள். அவள் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. செல்போன் வந்து வீட்டுத் தொலைபேசி குறைந்த பிறகு கணக்கு இன்னும் தேய்ந்துவிட்டது. ஆகவே 40 என்று கண்டால் ‘40 பேர்’ என்று வாசிக்காதீர்கள்.

அடுத்தது, அருமை என்பது எந்த இடத்தை வைத்துச் சொல்வது? வெனிஸ் காயலின் தெற்கு முனையில் கியோஜ்ஜா என்று ஒரு மீன்பிடி ஊர். ஊரில் எங்கே திரும்பினாலும் போஸ்கொலோ, தியோத்சோ என்ற இரண்டு பெயர்கள்தான். அந்த வட்டாரத்தைத் தாண்டினால் இரண்டும் அபூர்வம். ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? கிளைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். போஸ்கொலோ அன்சொலெத்தி ஒரு கிளை, தியோத்சோ ஃபசியோலோ இன்னொரு கிளை. அந்தப் பட்டப்பெயர்கள் இன்று அடையாள அட்டையிலேயே ஏறிவிட்டன. அவர்களில் ஒருவர் மிலானுக்குக் குடிபோனால், அங்கே அவர் பெயர் அரிய பெயர். ஊரில் அவர் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். அரிய இத்தாலியப் பெயர்களில் மிகப் பலவும் இப்படித்தான்: நாட்டளவில் அபூர்வம், ஏதோ ஒரு கிராமத்தில் தெரு நிறைய.

பெயர் அரிதாவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. ஒன்று, எழுத்து. வட இத்தாலியப் பேச்சுமொழிகளில் மெய்யெழுத்தை இரட்டித்துச் சொல்லும் வழக்கம் கிடையாது. ஒரு பங்குத்தந்தை ஒற்றை ‘எல்’ போடுவார், அடுத்து வந்தவர் இரட்டை ‘எல்’ போடுவார். 19ஆம் நூற்றாண்டில் அரசாங்கப் பதிவு வந்தபோது, அன்றைக்கு எந்த எழுத்து இருந்ததோ அதுவே உறைந்துபோயிற்று. கூடப்பிறந்த அண்ணன் தம்பியே இரண்டு குடும்பப்பெயர்க்காரர்கள் ஆனதைப் பதிவேட்டில் பார்க்கலாம். ஒற்றை எழுத்துப் பிழை ஓர் ‘அரிய பெயரை’ உண்டாக்கிவிடும்.

இரண்டு, வெறும் தற்செயல். ஒரு தலைமுறையில் பெண் குழந்தைகளாகவே பிறந்தால் தகப்பன் வழிப் பெயர் நின்றுவிடும். பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் 1874இலேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். பிரபு வீட்டுப் பெயரும் குடியானவர் வீட்டுப் பெயரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

ஆகவே அருமையை வைத்து அந்தஸ்தைத் தீர்மானிக்காதீர்கள். அருமையால் ஒரே ஒரு லாபம் உண்டு, அது பெரிய லாபம்: ஊர் தெரியும். ‘ரோஸ்ஸி’ என்று ஒருவர் வந்தால் இத்தாலி வரைபடத்தில் எங்கே விரலை வைப்பது? உங்கள் மருமகன் பெயர் இரண்டு மூன்று ஊர்களில்தான் குவிந்திருக்கும். அந்த ஊர்களின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அங்கே அவருடைய முன்னோர் கல்தச்சரோ, குத்தகைக்காரரோ, ஆடு மேய்த்தவரோ, அவர்கள் பெயரும் வயதும் தொழிலும் வரிசையாக எழுதியிருக்கும். இல்லாத அரசனைவிட, இருந்த அந்த மனிதர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மருமகனுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய நல்ல சீர் அதுதான்.

ஃபெராரி என்ற பெயர் உள்ளவர்கள் எல்லாரும் கார் கம்பெனி வம்சமா?
— பிளஸ் டூ மாணவர், ஈரோடு

இல்லை தம்பி. கொல்லுப் பட்டறைப் பெயர் அது. இத்தாலியில் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. அதே கொல்லர் பியெமோந்தில் ஃபெரேரோ, தெற்கில் ஃபெராரோ, ரொமாஞ்ஞாவில் ஃபாப்ரி, வெனெத்தோவில் ஃபவாரோ. தொழில் ஒன்றுதான்; பேச்சு மாறினால் பெயரும் மாறும். ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் கலாப்ரியாவுக்குத் தனியாகவும் சலெந்தோவுக்குத் தனியாகவும் பெயர் அகராதி தொகுத்தது அதனால்தான்.

ஊர்ப் பெயரைக் குடும்பப்பெயராக வைத்திருப்பவர்கள் எல்லாரும் யூதர்கள் என்று படித்தேன். உண்மையா?
— புதுச்சேரி வாசகர்

தவறு. மொதில்யானி போன்ற யூதக் குடும்பங்களுக்கு ஊர்ப் பெயர் உண்டு. லொம்பார்தி, த்ரெவிசான், ஃபுர்லான் என்று இடப்பெயர் தாங்கிய கிறிஸ்தவக் குடும்பங்கள் அதைவிடப் பல மடங்கு உண்டு. வெளியூரிலிருந்து வந்தவரை ஊர் சொல்லிக் கூப்பிடுவது எங்கும் உள்ள வழக்கம். பெயரை மட்டும் வைத்து ஒருவருடைய மதத்தைச் சொல்லாதீர்கள். அந்த வழியில் ஐரோப்பா போய் முடிந்த இடம் நமக்குத் தெரியும்.

என் கணவர் மிலான்காரர், குடும்பப்பெயர் கொலோம்போ. அது அநாதைப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர் என்று யாரோ சொன்னதிலிருந்து மாமியார் மிகவும் வருத்தப்படுகிறார். என்ன சொல்லித் தேற்றுவது?
— தமிழ் வாசகி, மிலான்

முதலில், கொலோம்போ பெயர்க்காரர் எல்லாரும் அந்த வழி அல்ல. அது ஆட்பெயராகவும் இருந்தது. ஜெனோவாவின் கொலம்பஸ் குடும்பமே சாட்சி. (இலங்கையின் கொழும்பு நகருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.) ஆனால் கொலோம்போ என்றால் புறா, மிலானின் பெரிய மருத்துவமனைக்கும் புறாதான் சின்னம். அங்கே விடப்பட்ட குழந்தைகளுக்கு 1825 வரை அந்தப் புறாவின் பெயரையே கொடுத்தார்கள் என்பதும் உண்மை. நேப்பிள்ஸில் எஸ்போசித்தோ, ஃபுளோரன்ஸில் இன்னொச்செந்தி, ரோமில் ப்ரொயெத்தி எல்லாம் அதே வகை.

ஃபுளோரன்ஸ் இன்னொச்செந்தி இல்லம் 1445இல் திறந்தது. அதன் அருங்காட்சியகத்தில் சின்னச் சின்னப் பொருள்களை வைத்திருக்கிறார்கள்: பாதியாக உடைத்த பதக்கம், பாதி நாணயம். ஒரு பாதி குழந்தையின் துணியோடு வந்தது. மறு பாதியைத் தாய் வைத்துக்கொண்டாள், என்றாவது திரும்பி வந்து ‘இது என் பிள்ளை’ என்று நிரூபிக்க. வேண்டாம் என்று எறிந்தவள் நாணயத்தை உடைத்து வைத்துக்கொள்வாளா? வறுமையும் ஊர்ப்பேச்சும் பிரித்த பிள்ளைகள் அவர்கள். பிழைத்து, தொழில் கற்று, குடும்பம் நடத்தி, ஒரு பெயரை நாட்டின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள். அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். அவர் தலை நிமிர்ந்தே இருக்கலாம்.

வீரமாமுனிவரின் ‘பெஸ்கி’ என்ற பெயர் இத்தாலியில் இன்றும் இருக்கிறதா? அவருடைய சந்ததியைக் கண்டுபிடிக்க முடியுமா?
— தமிழாசிரியர், அரியலூர்

பெயர் இருக்கிறது. லொம்பார்தியில், ப்ரெஷியா, மாந்துவா பக்கம்தான் அதன் இடம். அவர் 1680இல் பிறந்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே மாந்துவா மாவட்டத்தைச் சேர்ந்தது. புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர். ஆனால் சந்ததியைத் தேடாதீர்கள்; அவர் இயேசு சபைத் துறவி. இன்று அந்தப் பெயரோடு இருப்பவர்கள், உறவு இருந்தாலும், பங்காளி வழிதான். அதையும் பதிவேடு காட்டினால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொன்று: மேடையில் ‘பெஸ்சி’ என்று சொல்கிறார்கள். காதால் கேட்க முடியவில்லை. பெஸ்கிதான் சரி.

என் சம்பந்தி வீட்டார் அமெரிக்க இத்தாலியர்கள். எல்லிஸ் தீவு அதிகாரிகள் அவர்கள் பெயரைச் சுருக்கிவிட்டார்களாம்.
— நியூ ஜெர்சி வாசகர்

சுருக்கவில்லை. 1892இல் குடியேற்ற நிலையமாகத் திறந்த அந்தத் தீவில் குமாஸ்தாக்கள் கையில் இருந்தது கப்பல் கம்பெனியின் பயணிகள் பட்டியல். அது நேப்பிள்ஸிலோ ஜெனோவாவிலோ பலெர்மோவிலோ கப்பல் ஏறும்போதே எழுதியது. அதைச் சரிபார்த்ததுதான் அவர்கள் வேலை. பெயர் மாறியதெல்லாம் பிறகு: பள்ளியில், வேலையில், குடியுரிமை மனுவில், பெரும்பாலும் அவரவர் விருப்பத்தில். பழைய எழுத்திலேயே கப்பல் பட்டியலில் தேடுங்கள்.

என் மகள் பலெர்மோவில் ஓர் இத்தாலியரை மணக்கப்போகிறாள். பெயரை மாற்ற வேண்டுமா? பிள்ளைகளுக்கு யார் பெயர்?
— யாழ்ப்பாணத்துத் தாய்

மாற்ற வேண்டாம், அம்மா. அங்கே ஒவ்வொருவருக்கும் 16 எழுத்து-எண் கொண்ட வரி அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று எழுத்து குடும்பப்பெயரிலிருந்து எடுப்பது; பெண்ணுக்கு அது பிறந்த வீட்டுப் பெயர்தான், கல்யாணத்தால் மாறாது. பிள்ளைகள் விஷயத்தில் 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நல்ல தீர்ப்பு சொல்லியிருக்கிறது: தகப்பன் பெயர் மட்டுமே தானாக வரும் என்ற வழக்கம் போயிற்று. இருவர் பெயரும் வரும். வரிசையை இருவரும் பேசி முடிவு செய்யலாம். ஒரே பெயர் போதும் என்று ஒத்துக்கொண்டாலும் சரி. உங்கள் வீட்டுப் பெயரை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள்.

இத்தாலிய வேர்களைத் தேட எங்கே தொடங்குவது?
— பலர்

ஊரில். நகராட்சியின் பெயர் கையில் இல்லாமல் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. அரசாங்கப் பதிவேடுகள் நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தில் 1809 முதல், சிசிலியில் 1820 முதல், ஒன்றுபட்ட இத்தாலிக்கு 1866 முதல். இவற்றில் மிகப் பலவற்றை அரசு ஆவணக் காப்பகங்களின் ‘அந்தேனாத்தி’ தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதற்கு முன்பு என்றால் கோயில் பதிவேடுதான். திருமண, ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கியது 1563இல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் த்ரெந்து சங்கம்.

பதிவைப் படிக்கும்போது ஒரு சொல்லில் எல்லாரும் விழுகிறார்கள். தகப்பன் பெயருக்கு முன்னால் ‘தி’ என்று இருந்தால் அவர் அன்று உயிரோடு இருக்கிறார். ‘ஃபு’ என்று இருந்தால் காலமாகிவிட்டார். அந்த ‘ஃபு’வைக் குடும்பப்பெயரோடு ஒட்டிப் புதுப் பெயர் உண்டாக்கி எனக்கு அனுப்பாதீர்கள். அந்த இரண்டெழுத்து, தாத்தா எந்த ஆண்டுக்கு முன்னால் இறந்தார் என்று உங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு இறப்புப் பதிவேட்டுக்குப் போங்கள். அங்கே அவருடைய தாயின் பெயரும் இருக்கும். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.