அடி எங்கே தொடங்கியது?

கேள்வி: வீடில்லாத பெண்களுக்குத் தெருதானே ஆபத்து? சிறுவயதுக் கொடுமையை ஏன் இதில் இழுக்கிறார்கள்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பலருக்கு அடி விழத் தொடங்கியதே வீட்டுக்குள்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரக் காப்பகங்களில் இருந்த 220 தாய்மாரிடம் பேசி, 1996-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கடுமையான அடி உதையோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்கள். அதே ஊரில் வாடகை வீட்டிலிருந்த ஏழைத் தாய்மாரின் கணக்கும் பெரிதாகக் குறையவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

சிறுமியாக அடிபட்டவள் வீட்டை விட்டு ஓடுகிறாள். தங்க இடம் தருகிறேன் என்பவனை நம்புகிறாள். அவன் கை நீட்டினாலும் போக்கிடம் கிடையாது. தலையெழுத்து என்பதும், அவளே தேடிக்கொண்டாள் என்பதும் அடித்தவனைத் தப்பவிடும் பேச்சு.

அக்கம்பக்கத்தில் குழந்தை வதைபடுவது தெரிந்தால் 1098, பெண்ணுக்கு ஆபத்தென்றால் 181. தயங்காமல் அழையுங்கள்.